கைகள் உயரும் மூன்று நொடிகள்: ஒரு பந்தய ஒளிபரப்புச் சேவைக்குக் கட்டிய ஓராண்டுச் சந்தா

சாலை மிதிவண்டிப் பந்தயங்களை மட்டுமே காட்டும் இணைய ஒளிபரப்புச் சேவை ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டி, மார்ச் மாதத்து மிலான்–சான் ரெமோ பந்தயத்தில் தொடங்கி அக்டோபரில் லொம்பார்தியாவோடு பருவம் முடியும்வரை, வாரத்துக்கு மூன்று நாளாவது அதைத் திறந்து பார்த்திருக்கிறேன். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை இவ்வகைச் சேவைகள் பலவற்றுக்கும் பொதுவானவை என்பதால், பெயரைவிடக் குறையைத் தெரிந்துகொள்வதே சந்தா கட்ட நினைப்பவர்களுக்குப் பயன்படும். படத்தின் தெளிவைப் பற்றியும் நேரலை தடைபடாமல் வருவதைப் பற்றியும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. கட்டணமும் மிகையல்ல.

நான் இந்தச் சேவையை அளந்த அளவுகோல் வேறு. ஐந்து மணி நேரம் ஓடும் ஒரு பந்தயத்தில் ஊடகங்களும் ரசிகர்களும் திரும்பத் திரும்பப் பேசுவது பெரும்பாலும் கடைசி மூன்று நொடிகளைத்தான்: வென்றவர் ஹேண்டில்பாரிலிருந்து கைகளை எடுத்து உயர்த்தும் அந்த நொடிகளை. மூன்று நொடிப் படத்தை வைத்துக்கொண்டு ஒருவரைத் திமிர் பிடித்தவர் என்றும் இன்னொருவரைத் தன்னடக்கம் உள்ளவர் என்றும் முத்திரை குத்திவிடுகிறோம். அந்த முத்திரை சரியா தவறா என்று நானே பார்த்து முடிவு செய்ய இந்தச் சேவை இடம் கொடுக்கிறதா என்பதே என் கேள்வி. அதன் முழுப் பதிவுகள் இடம் கொடுக்கின்றன. சுருக்கக் காணொளிகளும் முகப்புப் படங்களும் கொடுப்பதில்லை.

முகப்புப் படத்திலிருந்தே தொடங்குகிறேன். மூன்று வாரம் நடக்கும் டூர் த பிரான்ஸின் ஒரு நாள் ஓட்டம், அதாவது ஒரு கட்டம், நம் நேரப்படி இரவு 9 மணி வாக்கில் முடிகிறது. வேலை முடிந்து தாமதமாக வீடு திரும்புகிறவர் முடிவைத் தெரிந்துகொள்ளாமல் பதிவைப் பார்க்கலாம் என்று செயலியைத் திறந்தால், வென்றவர் இரு கைகளையும் விரித்து நிற்கும் படமே முகப்பில் வந்து நிற்கிறது. முடிவை மறைக்கும் தேர்வு ஒன்று அமைப்புகளுக்குள் இருக்கிறது. ஆனால் அது தலைப்பில் உள்ள பெயரை மட்டுமே மறைக்கிறது; படத்தை அப்படியே விட்டுவிடுகிறது. துப்பறியும் கதையின் அட்டையிலேயே கொலைகாரனின் படத்தை அச்சிட்டுவிட்டு, உள்ளே அவன் பெயரை மட்டும் மை பூசி மறைப்பதைப் போன்ற வேலை இது.

முகப்புப் படத்தைவிட நான்கு நிமிடச் சுருக்கம் செய்யும் கேடு பெரியது. 2012-இல் பீட்டர் சாகன் தன் 22-ஆம் வயதில் முதன்முறையாக டூரில் ஓடி மூன்று கட்டங்களை வென்றார். பூலோன்-சுர்-மேர் நகரில் முடிந்த மூன்றாம் கட்டத்தில், முடிவுக்கோட்டைத் தாண்டும்போது வண்டியில் அமர்ந்தபடியே இரு கைகளையும் வீசி ஓடுவதைப் போல நடித்துக் காட்டினார். அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. பின்னால் வருகிறவர்களைக் கேலி செய்வதாகக் கண்டவர்களும் உண்டு. சுருக்கக் காணொளியில் அந்த ஏற்றமும் அதில் அவர் மற்றவர்களை உதறிவிட்டு வந்த விதமும் காணாமல் போய், வீசிய கைகள் மட்டும் எஞ்சுகின்றன. முழுப் பதிவில் கடைசி ஒரு கிலோமீட்டரைப் பார்த்தவருக்கு, பின்னால் வருபவர்கள் எவ்வளவு தொலைவில் இருந்தார்கள் என்பதும், கையை விட்டுவிட்டு விளையாட அவருக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதும் தெரியும். டூரில் புள்ளிகளில் முதலிடம் பெறுபவருக்கான பச்சை ஜெர்சியை ஏழு முறை வென்ற ஒருவரின் தொடக்கக் குறும்பு அது என்பது என் எண்ணம். ஆனால் மறு ஆண்டு ஃபிளாண்டர்ஸ் பந்தய மேடையில் பரிசளிக்க நின்ற பெண்ணிடம் அவர் அத்துமீறி நடந்ததையும், பிறகு மன்னிப்புக் கேட்டதையும் குறும்புக் கணக்கில் சேர்க்க முடியாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘சாகன் சேட்டைகள்’ என்ற வகையில் தொகுத்துத் தரும் வழக்கம் இந்தச் சேவையிலும் இருக்கிறது. அதை நீக்கினால் நல்லது.

இந்தச் சேவையின் பெரும் பலம் முழுப் பதிவும் பத்து நொடி பின்நகர்த்தும் பொத்தானும்தான். அவற்றின் அருமையை எனக்கு உணர்த்தியது 2020-ஆம் ஆண்டின் லியேஜ்–பஸ்டோன்–லியேஜ். கொரோனாவால் அக்டோபர் 4-ஆம் தேதிக்குத் தள்ளிப்போன அந்தப் பந்தயத்தில், ஒரு வாரம் முன்புதான் இமோலாவில் உலகச் சாம்பியனாகியிருந்த ஜூலியன் அலாஃபிலிப் வானவில் ஜெர்சியோடு கைகளை உயர்த்தினார். அவர் பக்கத்தில் பிரிமோஷ் ரோக்லிச் வண்டியை முன்னால் எறிந்து, அதாவது கைகளை நீட்டி வண்டியை மட்டும் முன்தள்ளி, சக்கரத்தின் நுனியால் வென்றார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. சுருக்கக் காணொளியை மட்டும் பார்த்தவர்களுக்கு இது செருக்குக்குக் கிடைத்த தண்டனை. முழுப் பதிவில், கைகள் உயர்வதற்கு முன்பே, அலாஃபிலிப் தன் பாதையிலிருந்து குறுக்கே விலகியதும், அதனால் மார்க் ஹிர்ஷிக்கும் டாடே பொகாச்சாருக்கும் வழி தடைபட்டதும் தெளிவாகத் தெரிகின்றன. நடுவர்கள் அவரை ஐந்தாம் இடத்துக்கு இறக்கினார்கள். அதாவது கைகளை உயர்த்தாமல் கோட்டைக் கடந்திருந்தாலும் அந்த விலகலால் வெற்றி அவருக்குத் தங்கியிருக்காது. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது கைகளைத்தான். அன்றைய உண்மையான தவறு சக்கரத்தின் திசையில் இருந்தது. மூன்றே நாளில் பிராபன்ஸ் பைல் பந்தயத்தில் மீண்டும் அவர் சற்று முந்திக் கைகளை உயர்த்தி, மத்தியூ வான் டெர் பூலை மயிரிழையில் வென்றார் என்பதைப் பார்க்கும்போது, இது செருக்கைவிட அடக்க முடியாத துள்ளலாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஒரு தொழில்நுட்பக் குறையை இங்கே சொல்லியாக வேண்டும். சர்வதேச மிதிவண்டிச் சங்கத்தின் விதிப்படி முடிவுக்கோடு என்பது 4 சென்டிமீட்டர் அகலமுள்ள கறுப்புக் கோடு. அதன் இருபுறமும் 34 சென்டிமீட்டர் வெள்ளை பூசப்பட்டு, மொத்தப் பட்டை 72 சென்டிமீட்டராக இருக்கும். முன்சக்கரத்தின் டயர் அந்தக் கோட்டின் தொடக்க விளிம்பைத் தொடும் கணமே வெற்றியின் கணம். மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் ஒரு நொடியில் 18 மீட்டர் கடக்கிறார். நொடிக்கு 25 படங்கள் ஓடும் ஒளிபரப்பில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அவர் கடக்கும் தொலைவு ஏறக்குறைய அதே 72 சென்டிமீட்டர். வீட்டில் எவ்வளவு நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் வெள்ளைப் பட்டை முழுவதும் இரு படங்களுக்கு நடுவே மறைந்துபோகலாம். அதனால்தான் கோட்டை மட்டும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை பதிவு செய்யும் தனிக் கேமராவை வைத்து முடிவு சொல்கிறார்கள். அந்தப் படத்தை இந்தச் சேவை நேரலையில் சில நொடிகள் காட்டிவிட்டு, பதிவிலிருந்து தனியே எடுத்துப் பார்க்க வழி வைக்கவில்லை. பதிவை ஒவ்வொரு படமாக நகர்த்தும் வசதியும் இல்லை. இவ்வளவு நெருக்கமான முடிவுகளை விற்றுப் பிழைக்கும் சேவைக்கு இது அழகல்ல.

முந்திக்கொண்ட கொண்டாட்டங்கள் இளமையின் பிழை என்று ஒரு வர்ணனையாளர் சொன்னால் பொத்தானை அழுத்தி அவரை மௌனமாக்கிவிடுவது நல்லது. 2004-இல் மிலான்–சான் ரெமோவின் முடிவில் கைகளை உயர்த்தி ஆஸ்கர் ஃபிரெய்ரேயிடம் வெற்றியை இழந்த எரிக் ட்ஸாபெல், அதே பந்தயத்தை அதற்கு முன் நான்கு முறை வென்றிருந்தவர். அந்தக் கோட்டை அவரைவிட நன்றாக அறிந்தவர் அன்றைய கூட்டத்தில் யாரும் இல்லை. 2024 ஏப்ரலில் அம்ஸ்டல் கோல்ட் பெண்கள் பந்தயத்தில் லொரேனா வீபெஸ் கைகளை உயர்த்த, மரியான் வோஸ் பின்னாலிருந்து வண்டியை எறிந்து வென்றதும் அப்படித்தான். வீபெஸ் அனுபவமற்றவர் அல்லர், உலகின் மிக வேகமான ஸ்பிரின்டர்களில் ஒருவர். ஆற்றல் முழுவதையும் கொட்டி முடித்த உடல், கோடு வந்துவிட்டது என்று அரை நொடி முன்பாகவே நம்பிவிடுகிறது. அதைத் திமிர் என்று சொல்வதற்கு முன், முடிவுக்கோட்டுக்கு நேர் எதிரே வைக்கப்படும் தொலைவு லென்ஸ் கேமராவின் குணத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். அது தூரத்தைச் சுருக்கிக் காட்டும். பத்து மீட்டர் பின்னால் வருகிறவர் தோளோடு தோள் நிற்பதைப் போலத் தோன்றுவார். நிதானமான கொண்டாட்டம்கூட ஆளை வம்புக்கு இழுப்பதாகத் தெரியும். மேலிருந்து எடுத்த படத்தைச் சேர்த்துக் காட்டும்போது இந்த மயக்கம் தெளிகிறது. முழுப் பதிவில் மறு ஒளிபரப்பாக அது வருகிறது. சுருக்கத்தில் எப்போதும் நேர் எதிர்க் கேமராதான்.

மேலிருந்து எடுத்த படத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. அணித் தலைவனுக்கு முன்னால் ஓட்டிக் காற்றைத் தடுத்து, முடிவுக்கு அருகே கொண்டுவந்து விட்டுவிட்டு ஒதுங்கும் சக வீரர்கள், கூட்டத்துக்கு நடுவிலேயே வேகத்தைக் குறைத்துக் கைகளை உயர்த்திக் கொண்டாடுவதைப் பாதுகாப்புக் காரணத்தால் நடுவர்கள் இப்போது கடுமையாகப் பார்க்கிறார்கள். வென்றவரின் கையை மட்டும் பெரிதாகக் காட்டும் கேமரா, அவருக்கு முப்பது மீட்டர் பின்னால் நடக்கும் இந்த ஆபத்தைக் காட்டுவதே இல்லை.

பார்ப்பவருக்குத் தெரிந்தது ஓட்டுபவருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்வது இந்த விளையாட்டின் பார்வையாளர்கள் செய்யும் பெரும் பிழை. ஒலிம்பிக் பந்தயங்கள் இந்தச் சேவையில் வருவதில்லை. அவற்றை வேறிடத்தில்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒப்பிடுவதற்கு டோக்கியோவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 2021 ஜூலை 25 அன்று அன்னமீக் வான் ஃப்ளூட்டன் கைகளை உயர்த்தி மகிழ்ச்சியோடு கோட்டைக் கடந்தார். ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், அவருக்கு 75 நொடிகள் முன்பே வென்று முடித்திருந்தார். ஒலிம்பிக்கில் வீரர்களின் காதில் அணியோடு பேசும் வானொலிக் கருவி கிடையாது. முன்னால் இன்னும் ஒருவர் இருக்கிறார் என்பது வான் ஃப்ளூட்டனுக்குத் தெரியவில்லை. திரையில் நேர இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்த நமக்கு அது நகைப்புக்குரியதாகத் தெரிந்தது. 2024-இல் பாரிஸில் ரெம்கோ எவெனபூல், கடைசி 4 கிலோமீட்டருக்குள் சக்கரம் பஞ்சராகி வண்டியை மாற்றியபோது, இடைவெளி எவ்வளவு என்று பதற்றத்தோடு கத்திக் கேட்டதற்கும் அதுவே காரணம். ஒரு நிமிடத்துக்கு மேல் முன்னணி இருக்கிறது என்று தெரிந்த பிறகு, கோட்டைத் தாண்டி வண்டியை விட்டு இறங்கி, ஈஃபிள் கோபுரத்தைப் பின்னணியாக வைத்துக் கைகளை விரித்து நின்றார். அந்த ஒரு படத்தை மட்டும் பார்த்தவர் ‘என்ன தலைக்கனம்’ என்பார். சில நிமிடம் முன்பு அவர் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

வர்ணனையைப் பற்றியும் ஒன்று. தனியாக வெல்லப் போகிறவர் கோட்டுக்கு முன் ஜெர்சியின் ஜிப்பை மேலே இழுத்து, மார்பைச் சரி செய்துகொள்வதைக் கண்டு, நம் ஊரில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதைப் போலப் பொருள் கொள்ளத் தோன்றும். உண்மையில் அது வேலை. மார்பில் உள்ள நிறுவனத்தின் பெயர் நாளைய படங்களில் மடிப்பில்லாமல் தெரிய வேண்டும். அணிக்குச் சம்பளப் பணம் வருவதே அந்தப் பெயரிலிருந்துதான். 2009 டூரில் மார்க் கேவன்டிஷ் கோட்டைக் கடக்கும்போது கைப்பேசியைக் காதில் வைத்துப் பேசுவதைப் போல நடித்தது, கைப்பேசி நிறுவனம் ஒன்று அவர் அணியின் புரவலராக வந்திருந்ததற்காக. இதையெல்லாம் விளக்க வேண்டிய வர்ணனையாளர்கள், வெற்றிக்கோட்டில் கத்துவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வர்ணனை இல்லாமல் சாலையின் ஓசையை மட்டும் கேட்கும் தேர்வு இந்தச் சேவையில் இருப்பது பெரிய ஆறுதல்.

கேவன்டிஷின் எல்லாக் கைச்சாடைகளும் விளம்பரமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2010-இல் பருவம் சரியாக அமையாமல் பலரும் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது, டூர் த ரோமண்டி என்ற வேறொரு பந்தயத்தில் ஒரு கட்டத்தை வென்று, விமர்சகர்களை நோக்கி இரு விரல்களால் ஆபாசமான சைகை காட்டினார். அவருடைய அணியே அவரைப் பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டது. அது செருக்கு என்பதில் எனக்கு ஐயமில்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து, நோயும் தோல்வியுமாக எல்லோரும் கைவிட்ட நிலையில், 2021-இல் ஃபூஜேரில் டூர் கட்டத்தை வென்று அதே மனிதர் குலுங்கி அழுததையும் பார்த்த பிறகுதான், 2010-இன் கோபம் எங்கிருந்து வந்தது என்பது பிடிபட்டது.

இந்த அழுகைகள்தான் என் பெரிய மனக்குறையின் இடம். வெற்றியாளர் கோட்டைக் கடந்து, வண்டியைச் சாய்த்து, அணியினரைக் கட்டிக்கொள்ளும் இரண்டு நிமிடங்களில் இந்தச் சேவை நேரலையை வெட்டி விளம்பரத்துக்குப் போய்விடுகிறது. சந்தா கட்டியவருக்கும் அதே விளம்பரம்தான். 2021 டூரின் இரண்டாம் கட்டத்தில் மூர்-த-பிரெட்டாய்ன் ஏற்றத்தில் வான் டெர் பூல் வென்று வானை நோக்கி விரலை உயர்த்தினார். அவருடைய தாத்தா ரேமோன் பூலிடோர் எட்டு முறை டூரின் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவர், மொத்த நேரத்தில் முன்னிலை வகிப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியை ஒரு நாள்கூட அணியாதவர், 2019-இல் காலமானவர். பேரன் அந்த ஜெர்சியை அன்று பெற்றார், பேட்டியில் பேச முடியாமல் உடைந்தார். பதிவில் அந்தப் பேட்டி முழுமையாக இருக்கிறது. நேரலையில் பார்த்திருந்தால் நான் அந்நேரம் ஏதோ ஒரு ஹெல்மெட் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விரலை உயர்த்தியவர் தற்பெருமைக்காரர் என்று எண்ணியபடி உறங்கப் போயிருப்பேன்.

சேவையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பழைய பந்தயங்களின் தொகுப்பு. கைகளை உயர்த்தாமலேயே காட்டப்படும் செருக்கை அங்கே பார்க்கலாம். 1986-இல் அல்ப் துவேஸ் உச்சியில் பெர்னார் இனோவும் கிரெக் லெமோண்டும் கைகோத்து, மூன்றாமவரை ஐந்து நிமிடத்துக்கு மேல் பின்னுக்கு விட்டுவிட்டு வந்தார்கள். கட்ட வெற்றி இனோவுக்கு. பார்ப்பதற்கு இதைவிட அன்பான கொண்டாட்டம் இருக்க முடியாது. அன்று மாலையே, லெமோண்டுக்கு உதவுவதாக முன்பு வாக்களித்திருந்த இனோ, பந்தயம் இன்னும் முடியவில்லை என்று தொலைக்காட்சியில் அறிவித்தார். 2000-இல் மோன் வாந்து உச்சியில் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் மார்கோ பன்டானிக்கு வெற்றியை விட்டுக்கொடுத்ததோடு நிற்கவில்லை. விட்டுக்கொடுத்ததை வெளியே சொல்லவும் செய்தார். கொடுத்ததைச் சொல்லிக்காட்டும் கொடையை எந்த மலையேற்ற வீரன் பொறுத்துக்கொள்வான்? பன்டானி பொறுக்கவில்லை, சில நாளிலேயே கூர்ஷெவெலில் தன் காலாலேயே வென்று பதில் சொன்னார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் உண்மையான முகம் 2004 டூரின் பதினெட்டாம் கட்டத்தில் இருக்கிறது. ஊக்கமருந்து வழக்கில் ஒரு மருத்துவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன ஃபிலிப்போ சிமேயோனி முன்னேறிச் சென்றபோது, மஞ்சள் ஜெர்சிக்காரரே துரத்திச் சென்று அவரைக் கூட்டத்துக்குத் திரும்ப வைத்து, கேமராவைப் பார்த்து வாய்க்கு ஜிப் போடும் சைகை காட்டினார். முடிவுக்கோட்டிலிருந்து வெகு தொலைவில், வெற்றி எதுவும் இல்லாத இடத்தில் நடந்த அதைவிடத் திமிரான சைகையை இந்த விளையாட்டில் நான் பார்த்ததில்லை. தொகுப்பில் அது 18-ஆம் கட்டத்தின் முழுப் பதிவுக்குள் புதைந்து கிடக்கிறது. தேடுவதற்கு வசதியாகக் குறிப்பு எதுவும் இல்லை.

ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவில், 2023-இல், முன்னிலை வகிப்பவருக்கான சிவப்பு ஜெர்சியை அணிந்திருந்த செப் குஸ்ஸை அங்லிரூ ஏற்றத்தில் அவருடைய அணியின் ரோக்லிச்சும் யோனாஸ் விங்ககோரும் பின்னால் விட்டுவிட்டுப் போனார்கள்; மொத்த நேரத்தில் 8 நொடி முன்னிலை மட்டுமே அவருக்கு மிஞ்சியது. மூன்று நாள் கழித்து மூவரும் தோளில் கைபோட்டு ஒன்றாகக் கோட்டைக் கடந்த படம்தான் சேவையின் முகப்பில் இன்றும் இருக்கிறது. அந்த இரு பதிவுகளையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்வேன்.

மேடை நிகழ்ச்சிகளைச் சேவை முழுமையாகக் காட்டுகிறது. நான் பெரும்பாலும் தாண்டிவிடுவேன். இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜீரோவில், 2022-இல், யேசி நகரில் வென்ற எரித்ரியாவின் பினியம் கிர்மாய், மேடையில் திறந்த மதுப் புட்டியின் மூடி கண்ணில் அடித்து, அந்தப் பந்தயத்தையே விட்டு விலக நேர்ந்ததை மட்டும் யாரும் தாண்ட முடியாது.

பொகாச்சார் எல்லாவற்றையும் தானே வெல்கிறார், பிறருக்கு எதையும் மிச்சம் வைப்பதில்லை என்ற புகாரையும் இந்தச் சேவையை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். 2024 ஜீரோவில் மோன்தெ பானா ஏற்றத்தில், முன்னால் தனியே போய்க்கொண்டிருந்த இளைஞர் ஜூலியோ பெல்லிட்சாரியைக் கடைசியில் எட்டிப் பிடித்து அவர் கடந்து சென்றார். சுருக்கம் அத்தோடு முடிகிறது. ஈவிரக்கமற்றவர் என்ற எண்ணமே மிஞ்சுகிறது. முழுப் பதிவில், கோட்டுக்குப் பின்னால் அந்த இளைஞர் கண்ணாடியைக் கேட்க, பொகாச்சார் கண்ணாடியோடு முன்னிலை வகிப்பவருக்கான தன் இளஞ்சிவப்பு ஜெர்சியையும் கழற்றிக் கொடுப்பது இருக்கிறது.

சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். முழுப் பதிவுக்கும் பழைய தொகுப்புக்கும் சாலை ஓசைக்குமாக அந்தப் பணம் தகும். சுருக்கக் காணொளிகளுக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் வேண்டாம் என்பேன். வாங்குகிறவர்கள் முதல் வேலையாக அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். முகப்புப் படத்துக்கு இன்றுவரை மாற்று வழி கிடைக்கவில்லை. செயலியைத் திறக்கும்போது திரையின் மேற்பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கீழே உள்ள ‘முழுப் பதிவு’ பொத்தானைத் தடவித் தேடி அழுத்துகிறேன்.